குளிர்காலத்தில் வீட்டுச் சுவருக்குள் உறங்கும் பூச்சிகள்

[காட்சி: சனவரி மாத நண்பகல். சன்னல் கட்டையில் மல்லாந்து கிடந்து கால்களை அசைக்கும் ஒரு பொறிவண்டு.]

வெளியே எங்கும் பனி மூடியிருக்கும் நாளில், இந்தப் பொறிவண்டு எங்கிருந்து வந்தது? அது இன்று வந்ததன்று. இலையுதிர் காலத்திலேயே வந்து, மாதக்கணக்காக இந்தச் சுவருக்குள் அசையாமல் ஒடுங்கியிருந்தது. நண்பகல் வெயிலில் சுவர் சூடேறியதும், வசந்தம் பிறந்துவிட்டது போல விழித்து, வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து, வெளிப்பக்கம் போவதற்குப் பதிலாக அறைக்குள் வந்து விழுந்துவிட்டது.

[காட்சி: மிக அருகில். ஒரு விரல் வண்டைத் தொடுகிறது.]

தொட்டவுடன் கால் மூட்டுகளில் மஞ்சள் நிறத்துளிகள் அரும்புவதைக் கவனியுங்கள். அது வண்டின் இரத்தமே. கசப்பும் கெட்ட வாடையும் கொண்ட அந்தத் துளியைக் கசியவிட்டுத்தான் அது எதிரிகளை விரட்டுகிறது. வண்டை நசுக்கினால் திரைச்சீலையில் கறை படிவதற்கும் அதுவே காரணம்.

குளிர் தாங்காமல் இப்பூச்சிகள் வீட்டுக்குள் ஓடிவருகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், குளிர் தொடங்கும் முன்பே, பகல் பொழுது குறைந்துவருவதை அவற்றின் உடல் அறிந்துகொள்கிறது. இனப்பெருக்கம் நின்று, உடலில் கொழுப்பு சேர்கிறது. பல பூச்சிகளில் கிளிசரால் போன்ற பொருள்கள் மிகுந்து, உடல்நீர் எளிதில் உறைந்துவிடாமல் காக்கின்றன. இந்த நிலைக்கு வந்த பூச்சி தேடுவது கதகதப்பை அன்று. காற்றும் ஈரமும் புகாத, சீரான குளிர்ச்சியுள்ள ஓர் இடுக்கையே அது தேடுகிறது. காட்டில் அது பாறை வெடிப்பாகவோ பட்டுப்போன மரத்தின் பட்டையாகவோ இருக்கும். பிற்பகல் வெயிலில் ஒளிரும் உயரமான வீட்டுச் சுவரும் அதற்கு ஒரு பாறைமுகடுதான்.

[காட்சி: வெயில் படும் சுவரில் நூற்றுக்கணக்கான பூச்சிகள்.]

இப்படி வருபவற்றுள் சில, மனிதரால் கண்டம் விட்டுக் கண்டம் சென்றவை. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பலநிறப் பொறிவண்டு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காக்கும் என்பதால் 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஆனால் அது அங்கே நிலைபெற்றுவிட்டது 1988இல்தான் தெரியவந்தது. பழுப்பு நிற நாவாய்ப்பூச்சியோ, யாரும் அழைக்காமலே 1990களில் பென்சில்வேனியா மாநிலத்தில் தலைகாட்டியது. மண்புழுவின் உடலுக்குள் புழுப்பருவத்தைக் கழிக்கும் ஒருவகை ஈ, பரணில் கொத்துக் கொத்தாகத் தங்குகிறது.

இவை வீட்டில் முட்டையிடுவதில்லை, மரத்தை அரிப்பதில்லை, நம் உணவையும் நாடுவதில்லை. சூடேற்றப்பட்ட அறைதான் இவற்றுக்கு எமன். குளிரில் உறங்கும்போது மிகக் குறைவாகவே செலவாகும் கொழுப்பு, கதகதப்பில் விழித்துத் திரியும்போது விரைவாகக் கரைகிறது. அறையின் வறண்ட காற்று உடலின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. சன்னலோரம் நாம் கூட்டி அள்ளும் பூச்சிகள் பலவும் இப்படி மடிந்தவையே.

ஆகவே, நடுக்குளிர்காலத்தில் சுவர் இடுக்குகளில் மருந்து அடிப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே செத்துக் குவியும் உடல்களைத் தின்ன வேறு வண்டுகள் வரும். அவை பிறகு கம்பளித் துணிகளுக்கும் பரவக்கூடும். அறையில் கண்ணில் படுபவற்றை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் போதும். குழாயின் வாயில் ஒரு பழைய காலுறையைச் செருகி, விளிம்பை வெளியே மடித்து ரப்பர் வளையத்தால் இறுக்கிவிட்டால், பூச்சிகள் காலுறையிலேயே தங்கிவிடும். இயந்திரத்தில் நாற்றமும் ஏறாது.

[காட்சி: கோடை முடிவு. ஏணியில் நின்று சன்னல் சட்டத்தின் ஓரத்தை அடைக்கும் ஒருவர்.]

செய்ய வேண்டிய உண்மையான வேலை கோடையின் கடைசி வாரங்களில் இருக்கிறது. சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பிளவு, மின்கம்பியும் குழாயும் நுழையும் துளை, கூரையும் சுவரும் சேரும் இடம் ஆகியவற்றைச் சிலிக்கான் பசையால் அடைத்து, பரணின் காற்றுத்துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை பொருத்த வேண்டும். பூச்சிகள் உள்ளே புகுந்த பிறகு அடைத்தால், அவற்றின் வெளிவாசலையே மூடியதாகிவிடும். வசந்தத்தில் அவை இன்னும் அதிகமாக அறைக்குள் வரும்.

[காட்சி: வசந்த காலை. திறந்த சன்னல்.]

அப்படி வந்துவிட்டால், இதமான ஒரு நாளில் சன்னலைத் திறந்துவையுங்கள். குளிரைத் தாண்டிப் பிழைத்தவை தாமாகவே வெளியே பறந்துவிடும்.