அரை டிக்கெட் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் உயரமும் எடையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் வாங்கிக் கணக்கு வைப்பதும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். இந்த இரண்டு வேலையும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கிற இடம் தீம் பார்க்கின் டிக்கெட் கவுன்ட்டர். கோடை விடுமுறை நெருங்குகிற நேரத்தில் அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஆறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அரசுப் பேருந்தில் அவனுக்கு அரை டிக்கெட். அவன் தம்பிக்கு ஐந்து வயது நிறையவில்லை என்றால் டிக்கெட்டே வேண்டாம். மூன்று வயது வரை இருந்த இந்தச் சலுகையை 2022-இல் ஐந்து வயது வரை நீட்டினார்கள். அதே பையனுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இருக்கை முன்பதிவு செய்தால் முழுக் கட்டணம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முன்பதிவில் தனி இடம் கேட்டால் பெரியவர் கட்டணம்தான் என்று 2016 ஏப்ரலிலிருந்து ரயில்வே விதி. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனால் பெரியவர், சிறியவர் என்று பலகையில் இரண்டு வரி எழுதியிருக்கும். சமவெளிக்கு இறங்கி ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனால், பல இடங்களில் வயதைக் கேட்கவே மாட்டார்கள். சுவரோரம் கோடு போட்ட அளவுகோல் இருக்கும். "பாப்பா, செருப்பைக் கழட்டிட்டு இங்க வந்து நில்லு" என்பார்கள்.

பெங்களூரு, கொச்சியில் இருக்கிற வொண்டர்லா தீம் பார்க்குகளில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இலவசம். அதற்கு மேல் 140 வரை குழந்தைக் கட்டணம். 140-ஐத் தாண்டினால் பெரியவர். இப்படி உயரம் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய ரைடுகளில் தோளுக்கு மேலிருந்து இறங்குகிற பாதுகாப்புக் கம்பியும் இடுப்புப் பட்டையும் குறிப்பிட்ட உடல் அளவுக்கென்று செய்தவை. உயரம் போதாத பிள்ளையை அவை இறுக்கிப் பிடிக்காது. அதனால்தான் ஒவ்வொரு ரைடு வாசலிலும் இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி ரைடில் ஏற முடியாத பிள்ளையிடம் முழுக் காசு வாங்காமல் இருப்பது சரிதானே? இன்னொரு நன்மையும் உண்டு. "கேட்டா அஞ்சு வயசுன்னு சொல்லு" என்று பிள்ளைக்குப் பொய் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் பெற்றோருக்கு இல்லை.

ஆனால் இந்தக் கோடு யாரைத் தாண்டவைக்கிறது என்று என் பதிவேட்டை வைத்துப் பார்க்கிறேன். பத்து, பன்னிரண்டு வயதில் பெண்பிள்ளைகள்தான் முதலில் வளர்கிறார்கள். பையன்கள் பின்னால் வந்து எட்டிப் பிடிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பதினொரு வயதுப் பெண்ணின் நடுத்தர உயரம் 145 சென்டிமீட்டர், பையனுடையது 143. பன்னிரண்டில் பெண் 151, பையன் 149. எங்கள் மலைப் பிள்ளைகள் பலர் இதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். ஆனாலும் பெண்பிள்ளை முந்துவது இங்கேயும் அப்படியேதான். ஆக, ஒரே வகுப்பு, ஒரே வயது, தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரே எஸ்டேட் லயத்திலிருந்து (வரிசை வீடுகளிலிருந்து) வருகிற அண்ணன் தங்கை போன்ற பிள்ளைகள். கோடு 140-இல் இருந்தால் அவளுக்கு முழு டிக்கெட், அவனுக்குக் குழந்தை டிக்கெட்.

ஒருமுறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். எல்லோரிடமும் குழந்தைக் கட்டணம்தான் வாங்கியிருந்தோம். கவுன்ட்டரில் வரிசையாக அளவுகோலில் நிறுத்தினார்கள். என் மாணவி ஒருத்தி, அம்மா தேயிலை பறிக்கிறவர், முன்னால் போனவர்களைப் பார்த்துவிட்டு முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தவர் அவள் தலையில் உள்ளங்கையை வைத்து, "நேரா நில்லும்மா" என்றார். நிமிர்ந்தாள். ரெட்டை ஜடை ரிப்பன் கோட்டுக்கு மேலே போய்விட்டது. என் பக்கம் வந்து மெதுவாக, "டீச்சர், நான் வரல. பஸ்லயே உக்காந்துக்கறேன்" என்றாள். கூடுதல் பணத்தை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம், அவளும் உள்ளே வந்தாள். அது பெரிய விஷயம் இல்லை. காலையில் பள்ளி மைதானத்தில் "நிமிர்ந்து நில்" என்று நான் தினமும் சொல்கிற பிள்ளை, வளர்ந்ததற்காக வெட்கப்பட்டுக் குனிந்து நின்றாள் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குழந்தை யார் என்பதில் உலகத்தில் எங்கும் ஒரே விதி கிடையாது. அமெரிக்காவின் டிஸ்னி பார்க்குகளில் மூன்று வயதுக்குள் இலவசம், மூன்றிலிருந்து ஒன்பது வரை குழந்தை, பத்து வயது ஆனால் பெரியவர். ஜப்பானில் டோக்கியோ டிஸ்னியில் நாலிலிருந்து பதினொன்று வரை குழந்தை. பன்னிரண்டிலிருந்து பதினேழு வரை நடுவில் ஒரு தனிக் கட்டணம். பதினெட்டு ஆனால்தான் பெரியவர். நெதர்லாந்தின் எஃப்டெலிங் தீம் பார்க்கில் நாலு வயதிலிருந்து எல்லோருக்கும் ஒரே விலை. பத்து வயதுப் பிள்ளையை ஒரு நாட்டில் பெரியவர் என்கிறார்கள், இன்னொரு நாட்டில் குழந்தை என்கிறார்கள். இது மனிதர்கள் உட்கார்ந்து போட்ட கோடுதான். மாற்றிப் போடவும் முடியும்.

பார்க்காரர்களுக்கு இதில் நஷ்டம் வருமா என்று கேட்கலாம். ஒரு பார்க்கின் செலவில் பெரும்பகுதி நிலம், இயந்திரம், மின்சாரம், சம்பளம். கூட ஒரு பிள்ளை உள்ளே வந்தால் அதிகமாகிற செலவு மிகக் கொஞ்சம். அதோடு பிள்ளை தனியாக வராது. அப்பா, அம்மா, அத்தை, பாட்டி என்று ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வரும். வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்கிற இடங்களில் மத்தியானச் சாப்பாட்டுக் காசும் அங்கேயேதான் போகும். குழந்தைக் கட்டணத்தைத் தருமம் மாதிரிப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: குடும்பத்தை வாசல் வரை வரவழைப்பதே அந்தக் கட்டணம்தான்.

பாட்டியைப் பற்றிச் சொன்னேன். எனக்கு இதில் மிகவும் மனம் பொறுக்காத இடம் அதுதான். ஒரு கணக்குக்கு, பெரியவருக்கு 1000 ரூபாய், குழந்தைக்கு 800 என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். 4600 ரூபாய். வரி தனி என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 5428. (28 சதவீதமாக இருந்ததை 2018-இல்தான் 18 ஆகக் குறைத்தார்கள்.) இதில் பாட்டியின் பங்கு வரியோடு 1180 ரூபாய். பாட்டி எந்த ரைடிலும் ஏறப்போவதில்லை. ஈரத் துணிப் பையையும் எல்லோருடைய செருப்பையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு 200 ரூபாய் குறைத்துவிட்டு, ஏறாத பாட்டியிடம் முழுசாக வாங்குகிறோம். மூத்தவருக்குச் சலுகை தருகிற இடங்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் பாட்டிக்கு அந்த வயது ஆகியிருக்காது, முழங்கால் மட்டும் போயிருக்கும்.

இதற்கு வழி நம் ஊட்டி படகு இல்லத்திலேயே இருக்கிறது. உள்ளே போக ஒரு சின்ன நுழைவுக் கட்டணம். படகுக்குத் தனி, குட்டி ரயிலுக்குத் தனி. மிதிபடகுக்குக் காசு படகுக்குத்தான், தலைக்கு இல்லை. பாட்டி நுழைவுச்சீட்டோடு கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1843-இல் திறந்த டிவோலி பூங்காவிலும் இன்றுவரை நுழைவு வேறு, ரைடு வேறு. ஏறுகிறவருக்கு ஒரு கட்டணம், கூட வருகிறவருக்கு ஒரு கட்டணம் என்று பெரிய பார்க்குகளும் வைத்தால் தவறென்ன? கையில் கட்டுகிற பட்டையின் நிறத்தை மாற்றினால் போதும், ரைடு வாசலில் நிற்கிறவர் அடையாளம் கண்டுகொள்வார்.

பார்க் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ரைடில் ஏற்றுவதற்கு உயரம் பாருங்கள். அதில் ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காதீர்கள், அது உயிர் விஷயம். காசு வாங்குவதற்கு வயதைப் பாருங்கள். பன்னிரண்டு வயது முடிகிறவரை குழந்தை என்று வையுங்கள். பள்ளி அடையாள அட்டை ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் தொங்குகிறது, பிறந்த தேதியோடு. பள்ளிக் குழுவாக வந்தால் அளவுகோலே வேண்டாம். வகுப்புக்கு ஒரே கட்டணம் போடுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வசூலிக்கும் முன்னால் பார்க்குக்கு ஃபோன் போட்டு, குழந்தைக் கட்டணம் வயதுக்கா உயரத்துக்கா, கோடு எங்கே, வரி சேர்ந்த விலையா, ஏறாதவருக்குத் தனி டிக்கெட் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் என்று சொன்னால், பிள்ளைகளைப் பள்ளியிலேயே அளந்து, தாண்டுகிறவர்களுக்கான கூடுதல் தொகையை மொத்தச் செலவில் சேர்த்து எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள். எங்கள் பள்ளியில் இப்போது அப்படித்தான் செய்கிறோம். தலைக்குக் கொஞ்சம்தான் கூடுகிறது. யார் எந்த டிக்கெட்டில் வந்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.