பஸ் மாறுகிற இடத்தில் போகிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில், பெரம்பூரில் 29சி பஸ் ஏறினால், இறங்காமலே பெசன்ட் நகர் போய்விடலாம். வழியில் இறங்கி வேறு பஸ் பிடிப்பவருக்குத்தான் பாடு. அந்தப் பாட்டை அளக்க, ஒரே நகருக்கு இரண்டு படங்கள் வரைய வேண்டும்.

முதல் படத்தில் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு புள்ளி. அடுத்தடுத்த நிறுத்தங்களை இணைக்கும் கோட்டில் கிலோமீட்டரை எழுதிப் பயனில்லை. பஸ் ஓடும் நிமிடங்களை எழுத வேண்டும், அதுவும் காலை ஒன்பது மணிக்குத் தனியாக, மதியத்துக்குத் தனியாக. இரண்டாவது படத்தில், ஒரே பஸ்ஸில் போகக்கூடிய எந்த இரண்டு நிறுத்தங்களுக்கும் நேராக ஒரு கோடு. ஓர் இடத்துக்குப் போகக் குறைந்தது மூன்று கோடுகள் தேவைப்பட்டால், இரண்டு முறை பஸ் மாற வேண்டும் என்று பொருள்.

இந்தப் படங்களைக் கணினியில் ஏற்றும்போது, பிழை பெரும்பாலும் பெயரில்தான் தொடங்கும். கிண்டி என்ற ஒரே பெயரில் தள்ளித்தள்ளி இருக்கும் நிறுத்தங்களை ஒரே புள்ளியாக்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நேரமே ஆகாது என்று கணினி நம்பிவிடும். தனித்தனிப் புள்ளிகளாக வைத்து, நடையையும் ஒரு கோடாகப் போடுங்கள்: நிமிடத்துக்கு 80 மீட்டர், அதோடு சாலையைக் கடக்கக் காத்திருக்கும் நேரம்.

அடுத்தது காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால், சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் இடைவெளி இருபதாகும், காத்திருப்பு பத்தாகும். அட்டவணையில் பஸ்களின் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கும்! அதனால் அட்டவணையை நம்பாமல், ஜிபிஎஸ் பதிவிலிருந்து இடைவெளியை எடுக்க வேண்டும்.

நிறுத்தங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழிகள் அதிகம் கடந்து போகும் புள்ளியைக் கணினி காட்டும். அங்கேதான் கூட்டம் என்று முடிவு கட்டக் கூடாது. எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையிலும் பயணம் செய்வோர் எண்ணிக்கை சமம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. டிக்கெட் மெஷின் தகவலைச் சேர்த்தால் ஓரளவு திருந்தும். ஆனால் டிக்கெட்டில் இருப்பது கட்டணத்தைக் கணக்கிடும் ஸ்டேஜ், நிறுத்தமல்ல. பாஸ் காட்டி ஏறுபவர்களோ அதில் வரவே மாட்டார்கள். சில நாள் ஆள் வைத்து, பஸ்ஸுக்குள் ஏறுவோர் இறங்குவோரை எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஒரு நிறுத்தத்தை நீக்குவதானால், யாருக்குப் பாதிப்பு என்று பார்க்க சுற்றிலும் 400 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பார்க்காதீர்கள். வட்டம் அடையாற்றைத் தாண்டி எதிர்க்கரை வீடுகளையும் சேர்த்துக்கொள்ளும். பாலம் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. தெருவழியே அளந்தால்தான் யாருக்கு நடை கூடுகிறது என்று தெரியும்.

பார்சிலோனா 2012 முதல் 2018 வரை படிப்படியாகத் தன் பஸ் வலையை மாற்றியது. கிடையாக, நெடுக்காக, மூலைவிட்டமாக 28 தடங்கள். நேர்ப் பயணம் சில குறையும்; பதிலுக்கு அடிக்கடி பஸ். அங்கே கட்டம் போட்ட தெருக்கள் அதற்கு வாகாக அமைந்தன. சென்னையின் பெரிய சாலைகள் பலவும் கோட்டைப் பக்கத்திலிருந்து விசிறியாய் விரிபவை. அவற்றைக் குறுக்கே வெட்டும் கோயம்பேடு, வடபழனி, கிண்டி வழியான நூறடிச் சாலையில் பஸ் அடிக்கடி வந்தால்தான், நகரின் நடுவுக்குப் போகாமலே தடம் மாற முடியும். அதற்கும் முதலில் அந்தச் சந்திப்புகளில் நிறுத்தக் கம்பத்தைச் சிக்னலுக்குப் பக்கத்தில் நட வேண்டும். முந்நூறு மீட்டர் தள்ளியிருந்தால் நடைக்கே நாலு நிமிடம் போய்விடும்.