அரசும் அரசாங்கமும் ஒன்றா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: “சேர், அரசு, அரசாங்கம் இரண்டும் ஒன்றுதானே? ஏன் தனித்தனியாகப் படிக்கச் சொல்கிறீர்கள்? கிழக்கு மாகாண சபையையும் ஓர் அரசு என்று எழுதலாமா?”

இரண்டும் ஒன்றல்ல பிள்ளை. 1933ஆம் ஆண்டு மொண்டிவிடியோ உடன்படிக்கை ஓர் அரசுக்கு நான்கு விடயங்கள் வேண்டும் என்கிறது: நிரந்தரமான மக்கள், வரையறுத்த ஆள்புலம், அரசாங்கம், மற்ற அரசுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல். பார்த்தீர்களா, அரசாங்கம் அந்த நான்கில் ஒன்று மட்டும்தான்.

நம் ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் மாறுவார், கோயில் அப்படியே இருக்கும். பழைய வண்ணக்கர் கோயிலின் பேரில் வாங்கிய கடனைப் புதியவர் “அது என் காலத்தில் இல்லை” என்று தட்டிக்கழிக்க முடியாது.

நம் நாட்டில் நடந்ததும் அதுதான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை இடைநிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த யூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகினார், ரணில் விக்கிரமசிங்க வந்தார். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அந்தத் திட்டம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கையெழுத்திட்டது ஓர் அரசாங்கம், கடனாளி இலங்கை அரசு. ஆட்கள் மாறியதால் கடன் மறையவில்லை.

இதைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். அஸ்வெசும என்ற நலன்புரி உதவிப் பணம் வந்தால் “இன்ன கட்சி தந்தது” என்கிறோம். அது எந்தக் கட்சியின் வீட்டுக் காசும் இல்லை, அரசின் நிதி. அரசாங்கத்தின் ஒரு முடிவு பிழை என்று சொல்பவரை அரசுக்கு எதிரி என்று பார்க்கிறார்களே, அதுவும் இதே குழப்பம்தான். எனக்கு உண்மையில் மனவருத்தம் தரும் விடயம் இது. அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை, அதாவது நாட்டின் உச்ச அதிகாரம், மக்களிடம் இருக்கிறது என்கிறது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்பவரும் அந்த மக்களில் ஒருவர்தானே?

சரி, மாகாண சபைக்கு வருவோம். 1987இல் 13ஆவது திருத்தத்தால் வந்த அமைப்பு அது. நியதிச் சட்டம் எனப்படும் மாகாணத்துக்குரிய சட்டங்களை ஆக்கலாம், ஆனால் இறைமை இல்லை, வெளிநாட்டோடு தன் பேரில் உடன்படிக்கை செய்யவும் முடியாது. 2ஆம் உறுப்புரைப்படி இலங்கை ஒற்றையாட்சி அரசு. ஆகவே மாகாண சபை ஓர் அரசு ஆகாது.

கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்தது. பிறகு பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடியது. மாகாணப் பாடசாலைகளும் ஆஸ்பத்திரிகளும் மூடப்படவில்லை, உத்தியோகத்தர்கள் வேலைக்குப் போனார்கள். ஆனால் நாம் வாக்களித்து அனுப்பி, “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்று கேட்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கவில்லை. நிர்வாகம் நடப்பதும் பிரதிநிதித்துவம் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு நம் மாகாணமே சாட்சி.

அப்புறம் ஒன்று. இந்தியச் செய்திகளில் “தமிழக அரசு” என்று கேட்டுக் கேட்டு உங்களுக்குப் பழகியிருக்கும். அங்கே அரசாங்கத்தைத்தான் அரசு என்கிறார்கள். அந்த வழக்கு அவர்களுக்குச் சரி. நீங்கள் விடைத்தாளில் “கிழக்கு மாகாண அரசு” என்று எழுதாமல் “கிழக்கு மாகாண சபை” என்றே எழுதுங்கள் பிள்ளை.