ஹச்சிகோவுக்குச் சோறு போட்ட தோட்டக்காரர்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள் என்று கேட்டிருந்தேன். அப்படியே செய்த செயலாளருக்குத் தனி நன்றி.

ஜப்பானியரும் நாயும் என்பது தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இறந்துபோன எஜமானருக்காக ரயில் ஸ்டேஷனில் காத்திருந்த நாய் ஹச்சிகோ; சுருக்கமாக ஹச்சி. இரண்டு, 1958-ல் அண்டார்டிகாவில் விட்டுவரப்பட்டு, மறு ஆண்டு உயிரோடு கண்டெடுக்கப்பட்ட தாரோ, ஜிரோ என்ற இரண்டு நாய்கள். மூன்று, நாய்களைக் காக்கச் சட்டம் போட்ட ஷோகன், அதாவது அக்கால ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர், சுனயோஷி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். மூன்று நாள் வளர்த்தால் நாய் மூன்று வருடம் நன்றி மறக்காது என்பார்கள் ஜப்பானில். ஹச்சி அந்தக் கணக்கையும் தாண்டிவிட்டது.

1923 நவம்பரில் அகிதா மாகாணத்து ஒடாதேயில் பிறந்த குட்டி அது. டோக்கியோவில் வேளாண் பொறியியல் பேராசிரியராக இருந்த உயேனோ வீட்டுக்கு ரயிலில் வந்து சேர்ந்தது. அவரை வழியனுப்பவும் கூட்டிவரவும் ஷிபுயா ஸ்டேஷனுக்குப் போய்ப் பழகியது. 1925 மே 21 அன்று பல்கலைக்கழகத்திலேயே மூளை ரத்தக்கசிவில் அவர் இறந்துவிட்டார். அப்புறம் ஏறக்குறைய பத்து வருடம், 1935 மார்ச் 8-ல் சாகும்வரை, ஹச்சி அந்த ஸ்டேஷனுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஆரம்பத்தில் அதை யாரும் கொண்டாடவில்லை. விரட்டினார்கள், அடித்தார்கள், முகத்தில் மையால் கிறுக்கினார்கள். ஜப்பானிய நாயினங்களைக் காக்கப் பாடுபட்ட சைதோ ஹிரோகிச்சியின் முயற்சியால் 1932-ல் நாளிதழில் செய்தி வந்தது. அதன் பிறகுதான் ஊரே திரண்டது. 1934 ஏப்ரலில் வெண்கலச் சிலை. திறப்பு விழாவுக்கு ஹச்சியே வந்திருந்தது, ஒரு காது தொங்கிய கிழட்டு உருவத்தோடு. போர்க்காலத்தில் அந்தச் சிலையை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இன்று நிற்பது 1948-ல் முதல் சிற்பியின் மகன் செய்தது.

கடைக்காரர்கள் போட்ட கறித்துண்டுக்காகத்தான் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. இறந்தபின் வயிற்றில் யாகிதோரிக் குச்சிகள், அதாவது கோழிக்கறியைக் கோத்துச் சுடும் குச்சிகள், இருந்தது உண்மைதான். ஆனால் அடி வாங்கிய காலத்திலும் வந்ததே, அது எதற்காக?

எனக்கு இதில் பெரிய விஷயம் வேறு. பேராசிரியர் இறந்ததும் அந்த நாய்க்கு என்ன ஆயிற்று? அவரோடு வாழ்ந்த யாயேகோ அம்மையாருக்குச் சட்டப்படி திருமணப் பதிவு இல்லை. வீடு கைவிட்டுப் போயிற்று. ஹச்சி உறவுக்காரர் வீடுகளில் மாறி மாறித் திண்டாடியது. கடைசியில் பேராசிரியர் வீட்டில் தோட்டவேலை செய்த கோபயாஷி கிகுசபுரோ தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சிலை கிடையாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை நாய்க்கு மட்டும் பாடமாக்கினால் போதுமா? பேராசிரியரை நினைத்து அவருடைய நாய்க்குச் சோறு போட்டாரே, அவரல்லவா அந்தப் பழமொழிக்கு மனித சாட்சி! யாயேகோ அம்மையார் 1961-ல் காலமானார். அவரது அஸ்தி பேராசிரியரின் கல்லறையில் சேர்ந்தது 2016-ல்தான்.

தாரோ, ஜிரோவுக்கு வரலாம் என்றால் நேரமாயிற்று என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தனியாக வாழும் முதியவர்கள் பலர் நாய் வளர்க்கிறீர்கள். உங்களுக்குப் பின் அதை யார் பார்ப்பது என்று எழுதிவைத்திருக்கிறீர்களா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் அந்த ஜீவனைத் தெருவில் நிற்கவிடாதீர்கள். வாசல் மேசையில் மருத்துவர் அம்மா படிவங்களோடு இருப்பார். நாயின் பெயர், தடுப்பூசித் தேதி, பொறுப்பேற்கச் சம்மதித்தவரின் கையெழுத்து, இவ்வளவுதான் அதில். ஒரு நகல் உங்களிடம், ஒன்று அவரிடம். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவந்திருந்தால் இன்றே முடித்துவிடலாம். வணக்கம்.