தட்டை நூலுக்கு 850 ரூபாய் கொடுத்த கதை | சோப்வித் கேமல், இறக்கைக் கட்டம்

வணக்கம். இன்று கொஞ்சம் சூடாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம் சோப்வித் கேமல். நான் செய்துவரும் அதன் சிறு மாதிரியில், மேல், கீழ் இறக்கைகளுக்கு நடுவே கம்பிக்குப் பதில் நூல் இழுக்கும் கட்டம் வந்துவிட்டது. அதற்கென்றே தட்டை நூல் வரவழைத்தேன். 850 ரூபாய்! பிரித்தால் உள்ளே உருண்டை நூல். பெட்டியின் மேல் மட்டும் கொட்டை எழுத்தில் 'தட்டை'. 850 ரூபாய், ஐயா!

"நூல்தானே, விடுங்கள்" என்று எழுதத் தொடங்கியவர்கள் சற்று நில்லுங்கள். நிஜ விமானத்தில் மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கை அது. பறக்கும்போது மேலே வளையாமல் சில கம்பிகள் பிடிக்கும், தரையில் தொய்யாமல் வேறு சில தாங்கும். உருண்டைக் கம்பி காற்றை வெகுவாகத் தடுக்கும் என்பதால்தான் இருபக்கமும் கூம்பிய தட்டைக் கம்பி போட்டார்கள். எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

மேல் இறக்கை மட்டும் மனம் குளிர ஒட்டிவிட்டது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், ஒரே நேர்க்கோடு. இதோ, இந்தப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இன்னொரு முறை காட்டுகிறேன். நிஜத்திலும் அப்படித்தான்: தொழிற்சாலையில் வேலை சுலபமாக வேண்டும் என்று மேல் இறக்கையைத் தட்டையாக விட்டு, கீழ் இறக்கையை மட்டும் மேல்நோக்கிச் சாய்த்தார்கள்.

1917இல் போர்முனைக்கு வந்த விமானம் இது. இதன் கிளர்ஜே எஞ்சினில் தண்டு அசையாது. சிலிண்டர்கள்தாம் மூக்கிலுள்ள சுழலியோடு (புரொப்பெல்லர்) சேர்ந்து சுற்றும். எஞ்சின், விமானி, பெட்ரோல் தொட்டி எல்லாம் முன்பக்கம் இரண்டு மீட்டருக்குள் அடக்கம். எடை எல்லாம் ஒரே இடத்தில், அதில் எஞ்சினும் சுற்றுகிறது. அதனால் வலப்பக்கம் சட்டென்று திரும்பும், கூடவே மூக்கு கவிழும். இடப்பக்கம் திருப்பினால் மூக்கு தூக்கும். பழகியவனுக்கு வரம், பயிற்சியிலேயே உயிரை விட்டவர்கள் பலர்.

அட, துப்பாக்கிகளை விட்டுவிட்டேனே! அந்த இரண்டு மீட்டருக்குள் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் உண்டு. சுழலியின் அலகு குறுக்கே வராத நொடியில் மட்டும் சுடும்படி எஞ்சினோடு இணைத்திருப்பார்கள். துப்பாக்கிகளின் பின்பகுதியை மூடிய தகடுதான், கேமல், அதாவது ஒட்டகம், என்ற பெயரை வாங்கித் தந்த அந்தத் திமில். நாளை அதற்கு வர்ணம்.

அதே போரின் ஜெர்மன் விமானம், மூன்றிறக்கை ஃபோக்கர் எப்போது என்று ஒவ்வொரு வீடியோவிலும் கேட்கிறீர்கள். செய்ய மாட்டேன். தடித்த இறக்கை, தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். நடுவே இழுக்கக் கம்பியே கிடையாது. அதில் எனக்கு என்ன வேலை?