நாலு மூலையிலும் கடிகாரங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேச வந்த விஷயத்தை உங்களுக்குப் போட்டுக் காட்ட வழியில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு. நான் சொல்லப்போகும் இசைக்கு ஐந்து ஸ்பீக்கர் வேண்டும், அடித்தொண்டை ஒலிகளுக்கென்று ஒரு சப் ஊஃபரும் வேண்டும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, நடுவில் நாம். இதைத்தான் 5.1 சரவுண்ட் என்கிறார்கள். சினிமா தியேட்டரில் தலைக்குப் பின்னால் ஹெலிகாப்டர் பறந்து போவதைக் கேட்டிருப்பீர்கள். அதே ஏற்பாட்டில், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ராக் ஆல்பங்களைப் புதிதாகக் கேட்பதுதான் என் பல வருஷத்துப் பித்து.

பிங்க் ஃப்ளாய்டு குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 மார்ச்சில் வெளிவந்தது. அதன் 30ஆம் ஆண்டுக்காக 2003இல் எஸ்.ஏ.சி.டி. என்ற வகை வட்டில் மறுபடி வெளியிட்டார்கள். வாங்கினேன். வீட்டில் இருந்த சாதாரண சி.டி. பிளேயரில் போட்டேன், பாடியது. நாலு வருஷம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு உண்டு. சாதாரண பிளேயர் ஓர் அடுக்கை மட்டும்தான் படிக்கும், அதில் இருப்பது இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ. ஜேம்ஸ் கத்ரி என்ற ஒலிப்பொறியாளர் செய்த 5.1 மிக்ஸ், அதாவது எந்த ஒலி எந்த ஸ்பீக்கரில் என்று பார்த்துக் கலந்த கலவை, இன்னோர் அடுக்கில் இருந்தது. என் அலமாரியிலேயே இருந்தும் அதை நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்கு அந்த வட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவரிடம் சரியான பிளேயர் இருந்தது. 'டைம்' என்ற பாட்டு. முதலில் லேசாக டிக் டிக் என்று ஓடும் கடிகாரங்கள், பிறகு திடீரென்று அத்தனையும் சேர்ந்து மணியடிக்கும். ஸ்டீரியோவில் அதை நூறு தடவை கேட்டவன்தான் நான். ஆனால் அன்று அவை எனக்கு முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக நின்று அடித்தன. ஒரு பெரிய சுவர்க்கடிகாரத்தின் கனத்த ஒலி ஒரு பக்கம், சின்ன அலாரத்தின் கிணுகிணுப்பு இன்னொரு பக்கம். நான் கடிகாரக் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் ஒரு தகவல் தெரிந்தது. அந்தக் கடிகாரங்களை ஒலிப்பதிவு செய்தவர் ஆலன் பார்சன்ஸ். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அந்த ஆல்பத்துக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர். பழங்காலக் கடிகாரங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போய் ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்து வந்திருந்தார். எதற்கு? நாலு ஸ்பீக்கரில் ஒலி எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு செயல்விளக்கத்துக்காக. பாட்டுக்குள் அது பிறகுதான் வந்து சேர்ந்தது. ஆக, அந்த மணியோசை பிறந்ததே நாலு மூலைக்காகத்தான். ஸ்டீரியோ வட்டில் அது இத்தனை வருஷம் இரண்டு ஸ்பீக்கருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

பிங்க் ஃப்ளாய்டு குழுவுக்கு இந்த ஆசை முன்பே இருந்தது. 1967 மே 12ஆம் தேதி லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் அவர்கள் நடத்திய கச்சேரியில், ஒலியை அரங்கைச் சுற்றி நகர்த்த ஒரு கருவி வைத்திருந்தார்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் ஒரு ஜாய்ஸ்டிக்கைத் திருப்பத் திருப்ப, ஒலி மூலைக்கு மூலை போகும். அஸிமத் கோஆர்டினேட்டர் என்று அதற்குப் பெயர்.

1970களின் தொடக்கத்தில் இதையே வீட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். குவாட்ரஃபோனிக், சுருக்கமாகக் குவாட். நாலு ஸ்பீக்கர். எல்.பி. தட்டின் ஒரே பள்ளத்தில் நாலு சானலை, அதாவது நாலு ஸ்பீக்கருக்கான தனித்தனி ஒலியை, எப்படி அடைப்பது என்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி கண்டுபிடித்தது. சி.பி.எஸ்.ஸுக்கு எஸ்.க்யூ., ஜே.வி.சி.க்கு சி.டி-4, சான்சுய்க்கு க்யூ.எஸ். ஒன்றுக்காக வாங்கிய கருவி இன்னொன்றைச் சரியாகப் பிரித்துக் கொடுக்காது. எஸ்.க்யூ.வில் நாலு சானலை இரண்டாக மடித்து, வீட்டில் மறுபடி விரிப்பார்கள். விரிக்கும்போது ஒன்றின் ஒலி மற்றொன்றில் கசியும். சி.டி-4க்குத் தனி ஊசியே வேண்டும். ஜனங்கள் அலுத்துப்போனார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதை முடிந்தது. ஆனால் அதற்குள் பார்சன்ஸ் இந்த ஆல்பத்துக்கு ஒரு குவாட் மிக்ஸ் செய்து முடித்திருந்தார். அது 2011இல் வந்த பெரிய பாக்ஸ் செட்டில், கத்ரியின் 5.1 மிக்ஸோடு பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தது.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது எனக்குப் பழைய நூல்களின் உரைகளைப் படிப்பது போல. மூலம் ஒன்றுதான், உரையாசிரியர்கள் வேறு வேறு. ஒருவர் ஒரு சொல்லை அழுத்திப் பொருள் சொல்வார், இன்னொருவர் அதைத் தாண்டிப்போய் அடுத்த சொல்லில் நிற்பார். இங்கே மூலம் என்பது மல்டிட்ராக் டேப், அதாவது டிரம் தனியாக, கிட்டார் தனியாக, குரல் தனியாகப் பதிவான நாடா. எதை எங்கே நிறுத்துவது, எதை முன்னால் கொண்டுவருவது என்று முடிவெடுப்பவர்தான் உரையாசிரியர். 'மனி' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். காசு குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது, இவற்றை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி ஒட்டிய நாடாத் துண்டு அது. ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபுக்குப் பழகிய காது உடனே கை போட்டுவிடும். சரவுண்டில் அந்த ஒலிகள் அறையைச் சுற்றி வரும்போது, தாளம் நம்மைச் சுற்றி நடப்பது போல இருக்கும். நடை அதே ஏழுதான், ஆனால் அந்த நடையை எப்படிச் சுற்றிவரச் செய்வது என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு மனசு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு 50ஆம் ஆண்டில், 2017இல் நடந்தது. 1967இல் அவர்களுக்குக் கிடைத்தது நாலு ட்ராக் இயந்திரம்தான், நாடாவில் தனித்தனியாகப் பதிய நாலே தடம். நாலும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு ட்ராக்காக இறக்குவார்கள், மீதி இடத்தில் மேலும் பதிவு செய்வார்கள். குழம்பு கொதித்த பிறகு அதிலிருந்து புளியைத் தனியே எடுக்க முடியுமா? அப்படித்தான் டிரம்மும் பேஸும் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகிவிடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரைச்சல் கூடும், ஒலியின் பளபளப்பு கொஞ்சம் மங்கும். நல்ல காலம், கலப்பதற்கு முந்தைய நாடாக்களையும் ஸ்டுடியோவில் பத்திரமாக வைத்திருந்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின், சாம் ஓகெல்லுடன் சேர்ந்து, அந்த முதல் நாடாக்களுக்குப் போய், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இசைவாக ஓடவிட்டுப் புதிதாக மிக்ஸ் செய்தார். 1967இல் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து கவனித்தது ஒரே ஸ்பீக்கருக்கான மோனோ மிக்ஸைத்தான், ஸ்டீரியோ அவசரத்தில் முடிந்த வேலை. அதனால் கைல்ஸ் மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

அந்த ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'விதின் யூ விதௌட் யூ' உண்டு. லண்டனில் இருந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் கலைஞர்கள் வில்லால் வாசிக்கும் தில்ரூபா, தபலா, தம்புரா எல்லாம் வாசித்திருக்கிறார்கள். ஜார்ஜ் மார்ட்டின் மேல்நாட்டு வயலின், செல்லோக்காரர்களை அழைத்து, தில்ரூபாவைப் போலவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கி வாசிக்க வைத்தார். பழைய ஸ்டீரியோவில் இரண்டும் கலந்து ஒரே மேகமாக இருக்கும். 5.1இல் தில்ரூபா எங்கே இழைகிறது, அதைப் பின்தொடர்ந்து வயலின் எங்கே வருகிறது என்று பிரித்துக் கேட்க முடிகிறது. கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புலப்படும். குறிப்பு பார்த்தே வாசித்துப் பழகிய ஒருவர் அந்த வழுக்கலைப் பிடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அந்த நிமிஷத்தில் தெரியும்.

அப்புறம் ஸ்டீவன் வில்சன். இவர் பாடகர், கிட்டார் வாசிப்பவர், பழைய ஆல்பங்களைப் புதிதாக மிக்ஸ் செய்பவரும்கூட. கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப்புடன் சேர்ந்து, அந்தக் குழுவின் 40ஆம் ஆண்டு மறுவெளியீட்டு வரிசையை 2009இல் தொடங்கினார். பிறகு ஜெத்ரோ டல், யெஸ் என்று குழுக்களின் ஒரு பெரிய பட்டியல். ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' 1971இல் வந்தபோதே ஒலி மந்தமாக இருக்கிறது என்ற குறை உண்டு. 2011இல் வில்சன் செய்த மிக்ஸில் கம்பளியை விலக்கினாற்போல் ஆகிவிட்டது. வித்தை காட்டும் ஆள் இல்லை இவர். முதலில் பழைய ஸ்டீரியோவை அப்படியே மறுபடி கட்டி எழுப்புவார், அது ஒத்துவந்த பிறகுதான் சரவுண்டுக்குப் போவார். சேகரிப்பவர்கள் அவர் பெயரைப் பார்த்தே வாங்குவதற்கு இதுதான் காரணம்.

சரி, வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். வட்டின் உறையில் 5.1 என்று போட்டிருந்தாலே போதாது. மல்டிட்ராக் நாடாவிலிருந்து செய்ததா, அல்லது இரண்டு சானலை இயந்திரத்தால் ஐந்தாக இழுத்ததா என்று பாருங்கள். இழுத்த சரக்கில் பின் ஸ்பீக்கரில் வெறும் எதிரொலிதான் வரும். 1970களின் நடுவில் வந்த சில நாடாக்களின் பசை ஈரம் குடித்து, ஓட்டினால் ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுமார் 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான மிதச் சூட்டில் மணிக்கணக்கில் வைத்துக் காயவைத்த பிறகுதான் ஓட்டுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு எடுத்த சரவுண்ட் வட்டை, பல பதிப்புகளில் ஆகப் பெரிய, ஆக விலை கூடிய பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ப்ளூ-ரே வட்டு. அதற்காகப் போஸ்டர், புகைப்பட நூல், ஏற்கெனவே மூன்று தடவை வாங்கிய ஸ்டீரியோ எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை. ஒரு மாணவன் இந்த இசையை இப்படிக் கேட்க ஆசைப்பட்டால் அவனுக்கும் எட்ட வேண்டும்.

இப்போது டால்பி அட்மாஸ் வந்திருக்கிறது, தலைக்கு மேலும் ஸ்பீக்கர். 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் இதைத் தன் சந்தாக்காரர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 2022இல் மறுபடி வந்தபோது அட்மாஸ் மிக்ஸ் ஸ்ட்ரீமிங்கில் மட்டும்தான் கிடைத்தது, பெட்டிக்குள் ப்ளூ-ரே இல்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் வருவது சுருக்கிய ஒலி, ப்ளூ-ரேயில் இருப்பது சுருக்கத்தால் எதையும் இழக்காத ஒலி. தவிர, ஸ்ட்ரீமிங்கில் ஒரு மிக்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் நமக்குத் தெரியவே வராது. பார்சன்ஸின் குவாட் மிக்ஸ் 38 வருஷம் கழித்து மறுபடி நம் கைக்கு வந்ததென்றால், யாரோ ஒருவர் அந்த நாடாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான்.

சரவுண்டில் ஒரு சங்கடம் உண்டு. அறையில் நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான், ஐந்து ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் இருக்கும் நடு நாற்காலி. பின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரங்களில் பாதிதான் கேட்கும். அதனால் வீட்டுக்கு யாராவது வந்தால் முறை வைத்துக்கொள்வோம். எல்.பி.யின் முதல் பக்கத்துக்கு ஒருவர் நடுவில், இரண்டாம் பக்கத்துக்கு இன்னொருவர். கடிகாரங்கள் முதல் பக்கத்தில், காசு குலுங்கும் பாட்டு இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில். பெரும்பாலும் கடிகாரங்களை வந்தவருக்குக் கொடுத்துவிடுவேன். முதல் பக்கம் முடிந்ததும் அவர் எழுந்துகொள்வார், காசுக்கு நான் போய் உட்காருவேன்.

வணக்கம்.