கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் ஐசி: பிரவுசர் ஓட்டையை அடைப்பது எப்படி?

[காட்சி: சுங்கை சிப்புட், ஒரு ஃபோட்டோஸ்டேட் கடை. ஸ்கேனரில் அடையாள அட்டை.]

வணக்கம். நம்ம ஊர்க் கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். யார் யாருடைய ஐசியோ, இபிஎஃப் கணக்கோ, தோட்டத்துச் சம்பளச் சீட்டோ கிடக்கும். பிரிண்ட் எடுத்தவர் போய்விட்டார், ஃபைல் அங்கேயே இருக்கிறது. அதே கம்ப்யூட்டரில்தான் நாள் முழுக்கக் கண்ட கண்ட தளங்களும் திறக்கின்றன.

ஒரு தளம் இந்த ஃபைல்களைப் படிக்க முடியுமா? முடியக் கூடாது. லயத்து வீடுகளுக்கு நடுவே சுவர் இருப்பதுபோல, பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாக அடைத்து வைக்கிறது. ஆனால் 2015-இல் ஃபயர்பாக்ஸ் என்ற பிரவுசரில் அந்தச் சுவரிலேயே ஓட்டை இருந்தது.

[திரையில்: பிரவுசருக்குள் திறக்கும் ஒரு பிடிஎஃப்]

பிழை இருந்தது பிடிஎஃப் காட்டும் பகுதியில். ரஷ்யச் செய்தித் தளம் ஒன்றில் வந்த விளம்பரம், அதன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஃபைல்களைத் தேடி வெளியே அனுப்பியது. விண்டோஸில், சர்வருக்கு ஃபைல் அனுப்பும் ஃபைல்ஸில்லா போன்ற மென்பொருள்களின் கடவுச்சொல் இருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகள், லினக்ஸில், வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள் போன்றவை: அது குறிவைத்தது இவற்றைத்தான். ஐசி படங்களை அது தேடவில்லை. ஆனால் அதே வழியில் அவற்றையும் எடுத்திருக்க முடியும், அதுதான் கவலை.

ஆகஸ்ட் 5 அன்று ஒரு பயனர் ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவிடம் சொன்னார். மறுநாளே 39.0.3 பதிப்பில் ஓட்டையை அடைத்தார்கள். இந்த வேகம் உண்மையிலேயே பாராட்ட வேண்டியது. ஆனாலும் போன கடவுச்சொல் போனதுதான். தாக்குதல் கம்ப்யூட்டரில் தடயமே விடவில்லை என்பதால், அந்த ஃபைல்களில் இருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றச் சொன்னார்கள்.

[திரையில்: மெனு, உதவி, ஃபயர்பாக்ஸ் பற்றி]

சரி, இப்போது உங்கள் கம்ப்யூட்டர். மெனுவில் உதவி, அப்புறம் ஃபயர்பாக்ஸ் பற்றி. புதிய பதிப்பு தானாக இறங்கும். ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். நம்ம கடைகளில் சிக்கலே இங்கேதான்: பத்து டேப் திறந்திருக்கும், 'அப்புறம் பார்க்கலாம்' என்று வாரக்கணக்கில் ஓடும். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். குரோம் பிரவுசரில் அதற்கு வந்த கடைசிப் பதிப்பு 109, அதன்பின் கண்டுபிடித்த ஓட்டைகளுக்கு அங்கே மருந்து வராது.

பிரிண்ட் எடுத்ததும், "அண்ணே, என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிடுங்க" என்று கேளுங்கள். அழிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.